பட்டியல் சரி, வரிசை எங்கே? ஸ்டெரைல் கிட் செய்யப்போகிறவர்களுக்கு ஒரு பதில்

கேள்வி இது. பயோமெடிக்கல் படித்த மூன்று நண்பர்கள் அம்பத்தூரில் ஒரு சிறிய யூனிட் தொடங்குகிறார்கள். ஃபோலி கேத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்), லம்பார் பங்ச்சர் (முதுகுத்தண்டில் ஊசி போடுவது), சென்ட்ரல் லைன் (கழுத்து போன்ற இடத்தில் பெரிய ரத்தநாளத்துக்குள் போடும் குழாய்) ஆகிய மூன்றுக்கும் ஸ்டெரைல் கிட், அதாவது தேவையானதெல்லாம் கிருமி நீக்கி ஒரே ட்ரேயில் வரும் தொகுப்பு, செய்யப்போகிறார்கள். "சென்ட்ரல் லைன் கிட்டுக்கு 23 பொருள்கள் கொண்ட பட்டியல் போட்டிருக்கிறோம். ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? கிட் பாதுகாப்பாகவும் எளிதாகவும் இருக்க வேறு என்ன பார்க்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

பெரிதாக எதுவும் விட்டுப்போகவில்லை. அல்ட்ராசவுண்ட் புரோபுக்கு ஸ்டெரைல் கவர் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் நல்ல ஐசியுக்களில் புரோப் வைத்துப் பார்த்துத்தான் கழுத்தில் ஊசி போடுகிறார்கள். கவர் இல்லையென்றால் கிளவுஸின் விரலை வெட்டி மாட்டுவார்கள். மற்றபடி பட்டியல் சரி. ஆனால் பட்டியல் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் பார்க்கிற காகிதம். கிட்டைத் திறப்பவர் பார்ப்பது வேறு: எது முதலில் கைக்கு வருகிறது, எது அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, எதை எடுக்கப்போனால் எது உருண்டு விழுகிறது. நீங்கள் அனுப்பிய நான்கு பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் பதில் முழுக்க இதைப் பற்றியே இருக்கும்.

நான் ஐசியுவிலும் தியேட்டரிலும் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். இப்போது கிட் தயாரிக்கும் யூனிட்டுகளுக்கு ட்ரே அடுக்குவதையும் சோதிப்பதையும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே இன்ஜினியர் பார்வை கொஞ்சம் குறைவாகவும் கட்டில் பக்கத்துப் பார்வை அதிகமாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கிட் எங்கே திறக்கப்படுகிறது என்று பாருங்கள். உங்கள் பிரோஷர் படத்தில் அது ஸ்டீல் டிராலி மேல், பச்சைத் துணி விரித்து, பளிச்சென்ற வெளிச்சத்தில் இருக்கிறது. கூட்டமான வார்டில் டிராலி வேறு யாரிடமாவது இருக்கும். கிட்டை நோயாளியின் கால்மாட்டில், மெத்தை மேலேயே வைத்துத் திறப்பார்கள். அவர் வலியில் காலைக் கொஞ்சம் மடக்கினால் போதும், ஆழமான ட்ரே சரிந்துவிடும். தட்டையான, அகலமான, அடிப்பக்கம் வழுக்காத ட்ரேதான் நம் ஊருக்கு ஏற்றது.

அப்புறம் மின்விசிறி. ஏசி இல்லாத வார்டில், மே மாதத்தில், விசிறியை நிறுத்துங்கள் என்று சொன்னால் பக்கத்துக் கட்டில்காரர்கள் விடமாட்டார்கள். நோயாளி மேல் விரிக்கும் ட்ரேப், அதாவது மெல்லிய நான்-ஓவன் விரிப்பு, அந்தக் காற்றில் படபடவென்று அடித்து, விளிம்பு மேலே மடங்கி, கழுவாத தோலைத் தொட்டுவிட்டு மறுபடி ஸ்டெரைல் பகுதியில் வந்து விழும். யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். துளையைச் சுற்றி ஒட்டும் பசை வேண்டும், ஓரத்திலும் கொஞ்சம் கனம் வேண்டும். பசையையும் ஏசி லேபில் சோதிக்காதீர்கள். வியர்த்த கழுத்தில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். டிரெஸ்ஸிங்குக்கும் அதே கதைதான்: கழுத்தில் ஒட்டிய டிரான்ஸ்பரென்ட் டிரெஸ்ஸிங் மறுநாள் காலைக்குள் ஒரு மூலையில் கிளம்பியிருந்தால், மேலே பிளாஸ்திரி போட்டு ஒட்டிவைப்பார்கள். கிருமி நுழைய அந்த மூலை போதும்.

இப்போது வரிசைக்கு வருவோம். எந்தக் கிட் கைக்கு வந்தாலும் நான் முதலில் செய்வது இதுதான். ஒரு தாளின் இடது பக்கம், உள்ளே இருப்பவற்றை மேலிருந்து கீழாக, கைக்கு வருகிற வரிசையில் எழுதுவேன். வலது பக்கம், டாக்டரோ சிஸ்டரோ செய்கிற படிகளை வரிசையாக எழுதுவேன். பிறகு இரண்டையும் கோடு போட்டு இணைப்பேன். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் யாராவது ஒருவர் ஒரு பொருளைத் தூக்கி வெளியே வைக்க வேண்டியிருக்கும், அல்லது கிளவுஸ் போட்ட கையால் துழாவ வேண்டியிருக்கும். தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கும்.

ஃபோலியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் எளிதானது என்று நினைத்திருப்பீர்கள். நம் வார்டுகளில் வழக்கமாக கேத்தீட்டர் ஒரு பாக்கெட், யூரோபேக் ஒரு பாக்கெட், லிக்னோகெயின் ஜெல்லி டியூப் தனி, பலூனுக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பூல் தனி, கிளவுஸ் தனி. ஒருவர் ஸ்டெரைலாக நிற்க, இன்னொருவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட வேண்டும். நைட் டியூட்டியில் அந்த இன்னொருவர் கிடைக்க மாட்டார். கிட்டின் முதல் பயன் ஒரே ஆள் செய்து முடிக்கலாம் என்பதே. ஆனால் சந்தையில் நான் பார்த்த ஒரு கிட்டில் கிளவுஸ் அடியில் இருந்தது. மேலே கேத்தீட்டர், நடுவில் பை, கடைசியில் கிளவுஸ். கிளவுஸை எடுக்க மற்றதையெல்லாம் வெறும் கையால் தள்ள வேண்டும். பொருள்கள் எல்லாம் இருந்தன, பட்டியல்படி ஒரு குறையும் சொல்ல முடியாது.

சரியான வரிசை இப்படி இருக்கும்: எல்லாவற்றுக்கும் மேலே அண்டர்பேட் (நோயாளிக்கு அடியில் விரிப்பது), அதற்கு அடுத்து கிளவுஸ். பிறகு சுத்தம் செய்யும் பஞ்சு, துளை உள்ள ட்ரேப், ஜெல்லி சிரிஞ்ச். எல்லாவற்றுக்கும் கீழே, பை ஏற்கெனவே இணைக்கப்பட்ட கேத்தீட்டர். பையை முன்கூட்டியே இணைத்து அனுப்பினால் மூடிய அமைப்பு தொழிற்சாலையிலிருந்தே மூடியதாக வருகிறது, வார்டில் யாரும் நுனியைத் தொட வேண்டியதில்லை. கேத்தீட்டர் வெளியே வழுக்காமல் உள்ளே பிடித்து வைக்கும் பலூனை நிரப்பும் சிரிஞ்சைத் தனி நிறத்தில், ஜெல்லி சிரிஞ்சுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இங்கே கிடைக்கும் ஃபோலிகளில் பல 30 மில்லி பலூன் கொண்டவை. கிட்டில் 10 மில்லி தண்ணீர்தான் வைக்கிறீர்கள் என்றால் கேத்தீட்டரும் அதற்கேற்ற சிறிய பலூனாக இருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் கேத்தீட்டர் ஒரு வரியிலும் சிரிஞ்ச் வேறொரு வரியிலும் இருக்கிறது, இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கிளவுஸ் அளவு ஒரு தலைவலி. எல்லாக் கிட்டிலும் 7.5 போட்டு அனுப்புகிறார்கள். நம் சிஸ்டர்களில் பலருக்கு 6.5 தான் சரி. தொளதொளவென்ற கிளவுஸில் விரல் நுனி மடங்கி, சென்ட்ரல் லைன் போடும்போது மெல்லிய வயரைப் பிடிக்கவே முடியாது. என் யோசனை: சென்ட்ரல் லைன் கிட்டில் கிளவுஸே வைக்காதீர்கள், அவரவர் அளவை வார்டு ஸ்டாக்கிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். ஃபோலியில் மட்டும் வையுங்கள்.

மூன்று கிட்டுக்கும் பொதுவாக ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கூர்மையானவை எல்லாம் எப்போதும் ஒரே மூலையில், நுனி வெளிப்பக்கம் பார்க்காமல், ஊசியைக் குத்தி வைக்க ஒரு ஃபோம் துண்டோடு. பந்தியில் உப்பும் ஊறுகாயும் இலையில் எந்தப் பக்கம் இருக்கும் என்று யாரும் தேடுவதில்லை, கை தானாகப் போகும். அந்தப் பழக்கத்தை உங்கள் ட்ரேயும் கொடுக்க வேண்டும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சாதாரண ஊசிக்கு ஐஎஸ்ஓ 6009, ரத்தநாளத்தில் மருந்து ஏற்றும் ஐவி கேனுலாவுக்கு ஐஎஸ்ஓ 10555-5 என்று நிறக் குறியீடுகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஊசியில் பச்சை என்றால் 21 கேஜ் (கேஜ் என்பது பருமன் அளவு), கேனுலாவில் பச்சை என்றால் 18 கேஜ். ஊசியில் பிங்க் 18, கேனுலாவில் பிங்க் 20. "பச்சையை எடு" என்று சொல்லிப் பழகிய வார்டில் இரண்டும் ஒரே ட்ரேயில் இருந்தால், ட்ரேயின் குழியிலேயே எண்ணைப் பெரிதாக அச்சிட்டுவிடுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவதை லம்பார் பங்ச்சர் கிட் வரைவதற்கு முன்பு படியுங்கள். 2010-இல் சிட்னியில் ஒரு மருத்துவமனையில், பிரசவ வலிக்காக எபிடியூரல் (முதுகுத்தண்டுப் பகுதியில் போடும் வலிநீக்க ஊசி) போட்ட பெண்ணுக்கு சலைன் என்று நினைத்து, தோலைச் சுத்தம் செய்யும் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடினைச் செலுத்திவிட்டார்கள். நரம்பு மண்டலம் மீளமுடியாமல் பாதிக்கப்பட்டது. இரண்டு திரவமும் ட்ரேயில் திறந்த கிண்ணங்களில் இருந்தன. யாருடைய கவனக்குறைவு என்று பேசிக்கொண்டே போகலாம். கிட் செய்பவருக்கு அதிலிருந்து கிடைப்பது ஒரே ஒரு வடிவமைப்பு விதி: முதுகுத்தண்டுக்குள் ஊசி போகும் ட்ரேயில் திறந்த கிண்ணமே இருக்கக் கூடாது. கிருமிநாசினி நிறமூட்டியதாக, ஸ்பான்ஜ் முனை கொண்ட அப்ளிகேட்டராக, ட்ரேக்கு வெளியே தனிப் பையில் இருக்கட்டும். அதிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சவே முடியாது. உங்கள் வரைபடத்தில் 60 மில்லி பிளாஸ்டிக் கிண்ணம் இரண்டு போட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். "லேபிள் ஒட்டிவிடுகிறோம்" என்று சொல்வீர்கள். ஈரக் கையில் லேபிள் நிற்காது, அவசரத்தில் யாரும் ஒட்டவும் மாட்டார்கள்.

இதே வகையில் இன்னொன்று. ஸ்பைனலுக்கு, அதாவது முதுகுத்தண்டில், போட வேண்டிய மரத்துப்போக வைக்கும் புபிவகெயினுக்குப் பதிலாக, ரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் ஆசிட் ஆம்பூலை உடைத்துச் செலுத்திய சம்பவங்கள் பல நாடுகளில் நடந்து, உலக சுகாதார நிறுவனம் 2022-இல் எச்சரிக்கை விடுத்தது. இரண்டு ஆம்பூலும் பார்வைக்கு ஒரே மாதிரி, அளவும் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே மருந்தைக் கிட்டுக்குள் வைக்கலாமா என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். மருந்து வைத்தால் மருந்து உரிமத்தின் சிக்கலும் சேரும், கிட்டின் எக்ஸ்பைரியும் அந்த ஆம்பூலின் எக்ஸ்பைரிக்குச் சுருங்கிவிடும். பதிலாக சிரிஞ்சில் ஒட்டும் லேபிள் வையுங்கள். மயக்க மருத்துவ சிரிஞ்ச் லேபிள்களுக்கு ஐஎஸ்ஓ 26825 நிறம் சொல்கிறது, லோக்கல் அனஸ்தீசியாவுக்குச் சாம்பல் நிறம்.

ஊசியும் சிரிஞ்சும் சேரும் இணைப்பைப் பற்றியும் யோசியுங்கள். 2001-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில், ரத்தநாளம் வழியாகப் போக வேண்டிய வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்தை முதுகுத்தண்டில் செலுத்தியதில் ஓர் இளைஞர் இறந்தார். எந்த சிரிஞ்சும் எந்த ஊசியிலும் பொருந்துகிற லூயர் இணைப்பு அதற்கு வழிவிட்டது. அப்படிப்பட்ட சாவுகளுக்குப் பிறகுதான் முதுகுத்தண்டுக்கென்று தனி இணைப்பு வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 2016-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 80369-6 அந்தத் தனி இணைப்பைச் சொல்கிறது. சந்தையில் அதன் பெயர் என்ஆர்ஃபிட். ஐவி சிரிஞ்ச் அதில் ஏறாது. மருத்துவமனைகள் இதற்கு மாறத் தயங்கக் காரணம், ஊசி வந்து சிரிஞ்ச் வராவிட்டால் வேலை நின்றுவிடும் என்ற பயம். கிட் செய்பவருக்கு இங்கே ஒரு நல்ல இடம் இருக்கிறது: ஊசி, சிரிஞ்ச், மருந்து உறிஞ்சும் ஊசி மூன்றையும் ஒரே பெட்டியில் பொருத்தமாகக் கொடுத்துவிடலாம். கீமோ மருந்தை ஃபார்மசியிலேயே சிரிஞ்சில் நிரப்பி அனுப்பும் மருத்துவமனைகளில் மட்டும், ஃபார்மசிக்கும் அதே சிரிஞ்ச் போய்ச் சேர வேண்டும். விற்பனைக்குப் போகும்போது இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

சென்ட்ரல் லைனுக்கு வருவோம். இதில் அதிகம் பேசப்படும் தவறு, கேத்தீட்டருக்கு வழிகாட்ட ரத்தநாளத்துக்குள் முதலில் விடும் கைடுவயரை வெளியே எடுக்க மறந்துவிடுவது. வயர் மேல் கேத்தீட்டரை நுழைக்கும்போது, வயரின் பின்முனை வெளியே வந்து கையில் சிக்கும் வரை கேத்தீட்டரைத் தள்ளக் கூடாது. இதை எல்லோருக்கும் சொல்லித்தருகிறார்கள். ஆனால் சரியாக அந்த நேரத்தில் மானிட்டர் அலறும், அல்லது யாராவது "டாக்டர், பெட் 4 பிபி குறையுது" என்பார்கள். வயர் உள்ளே போய்விடும். அப்புறம் தையல் போட்டு, டிரெஸ்ஸிங் ஒட்டி, எக்ஸ்ரேயில்தான் தெரியவரும். சில சமயம் அதிலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இதற்கு இங்கிலாந்தில் மயக்க மருத்துவர்கள் கண்டுபிடித்த ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெயர் வயர்சேஃப். தையல், நீடில் ஹோல்டர், டிரெஸ்ஸிங் என்று கடைசிக் கட்டத்துக்குத் தேவையானதையெல்லாம் ஒரு பூட்டிய சிறு பெட்டியில் வைத்துவிட்டார்கள். அந்தப் பெட்டியைத் திறக்கும் சாவி கைடுவயர்தான். வயர் வெளியே வராமல் பெட்டி திறக்காது, பெட்டி திறக்காமல் வேலை முடியாது. எச்சரிக்கை வாசகம் எதுவும் தேவைப்படவில்லை. அதை அப்படியே காப்பி அடிக்கச் சொல்லவில்லை, காப்புரிமை இருக்கும். ஆனால் உங்கள் 23 பொருள்களையும் இந்தக் கண்ணோடு இன்னொரு முறை பாருங்கள்: எந்தப் படியை மறந்தால் ஆபத்து? அதற்கு அடுத்த படிக்கான பொருளை, முந்தைய படி முடியாமல் எடுக்க முடியாதபடி வைக்க முடியுமா? வெறும் இரண்டு அடுக்கு ட்ரேயாலேயே இதில் பாதியைச் செய்யலாம். மேலடுக்கில் ஊசி, வயர், டைலேட்டர் (துளையை அகலப்படுத்துவது), கேத்தீட்டர். அதைத் தூக்கினால்தான் கீழடுக்கில் தையலும் டிரெஸ்ஸிங்கும். மேலடுக்கில் வயருக்கென்று ஒரு வட்டக் குழி இருந்து, வயர் திரும்பி அங்கே வந்து சேராதது கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் நல்லது.

கிட் என்றாலே எல்லோரும் அமெரிக்காவின் மிச்சிகன் ஆய்வைச் சொல்வார்கள், நானும் சொல்லிவிடுகிறேன். அந்த மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியுக்களில் கை கழுவுதல், முழு உடல் ட்ரேப், குளோர்ஹெக்சிடின், தொடையிடுக்கைத் தவிர்த்தல், தேவையில்லாத லைனை அகற்றுதல் என்ற ஐந்தையும் சரிபார்ப்புப் பட்டியலோடு கடைப்பிடித்தார்கள். சென்ட்ரல் லைன் ரத்தத் தொற்றின் இடைநிலை விகிதம் 1,000 கேத்தீட்டர் நாளுக்கு (ஒருவர் உடலில் லைன் இருக்கும் ஒரு நாள் ஒரு கேத்தீட்டர் நாள்) 2.7 என்பதிலிருந்து மூன்று மாதத்துக்குள் பூஜ்யத்துக்கு வந்தது. 2006-இல் வெளியான ஆய்வு. எல்லோரும் பட்டியலைப் பற்றியே பேசுகிறார்கள். அதற்கு முன்பு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஐசியுவில், டாக்டர்கள் பொருள்களைத் தேடிப் பல இடங்களுக்கு அலைவதைப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் வைத்தார்கள். பெரிய ட்ரேப் மூன்றாவது அலமாரியில் இருந்தால் சின்ன ட்ரேப்போடு வேலையை முடித்துவிடுவார்கள், மனித இயல்பு அது. உங்கள் கிட்டில் தலை முதல் கால் வரை மூடும் ட்ரேப் இருக்க வேண்டும். விலை குறைக்க முதலில் வெட்டப்படுவதும் அதுதான். வெட்டாதீர்கள். வெட்டுவதென்றால் உங்கள் பட்டியலில் இருக்கும் இரண்டாவது ஃபோர்செப்ஸை வெட்டுங்கள். பயன்படுத்தாமலேயே சிவப்புக் கழிவுப் பைக்குப் போகிற பொருள் அது.

கிட்டில் வைக்கும் ஒவ்வொரு தேவையற்ற பொருளும் நோயாளியின் பில்லில் ஏறி, பிறகு குப்பையில் விழுகிறது. 2016-ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிக்க வேண்டும். வேலை முடிந்த ட்ரேயை ஒருவர் நின்று எத்தனை பைகளுக்குப் பிரிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிளாஸ்டிக்கும் காஸும் உலோகமும் பசையால் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் எந்தப் பைக்கும் பொருந்தாது.

காஸ் வைத்தால் ஐந்து ஐந்தாகக் கட்டி, எக்ஸ்ரேயில் தெரியும் நூலோடு வையுங்கள். 10 என்று எழுதி 9 இருந்தால், தியேட்டரில் எண்ணிக்கை ஒத்துவராமல் ஒரு பீதி கிளம்பும். அசெம்பிளி லைனில் எடை பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மற்ற பொருள்களின் எடை வேறுபாட்டிலேயே ஒரு காஸின் எடை மறைந்துவிடும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு ட்ரேயையும் மேலிருந்து படம் எடுத்து லாட் எண்ணோடு வையுங்கள். புகார் வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்தப் படம்.

பேக்கிங்கை இன்ஜினியர்கள் கடைசியில் யோசிப்பார்கள், ஆனால் சென்னையில் அதுதான் முதலில் தோற்கும். பையைப் பிரிக்கும் இடத்தில் இரண்டு விரல் பிடிக்கும் அளவுக்கு ஒட்டாத விளிம்பு விடுங்கள். இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று நான் அடிக்கடி பார்க்கிறேன்: வியர்த்த கையால் இரண்டு முறை முயன்றுவிட்டு, கட்டைவிரலால் சிரிஞ்சைப் பின்னாலிருந்து அழுத்தி, பேப்பரைக் கிழித்துக்கொண்டு வெளியே தள்ளுவார்கள். ஸ்டெரைல் பொருள், வெளிப்பக்கம் பட்ட பேப்பரின் கிழிசல் வழியாக உரசிக்கொண்டு வரும். பிரிக்கும்போது பேப்பரிலிருந்து தூசி போல நார் பறந்தாலும் அந்தப் பேப்பரை மாற்றிவிடுங்கள்.

எக்ஸ்பைரி பற்றி ஒரு கணக்கு. பையை வேகமாக முதுமையாக்கிச் சோதிக்கும் ஏஎஸ்டிஎம் எஃப்1980 முறையில், 10 டிகிரி கூடினால் முதுமை இரட்டிப்பாகும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 25 டிகிரியில் ஓர் ஆண்டு என்பது 55 டிகிரியில் சுமார் 46 நாள். உங்கள் ஸ்டாக் ஏசி குடோனில் இருந்தால் இந்தக் கணக்கு சரி. மாதவரம் பக்கம் தகரக் கூரை போட்ட குடோனில் சராசரி 35 டிகிரி என்றால், அதே கணக்குப்படி இரண்டு வருட ஆயுள் ஒரு வருடமாகச் சுருங்கும். டெஸ்ட் செய்யும் முன்பு, டீலரின் குடோனில் ஒரு தெர்மாமீட்டரை மே மாதம் முழுவதும் தொங்கவிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் ஈரத்தையும் பாருங்கள், அட்டைப்பெட்டி ஊறிக் குழைந்துவிடும். ஸ்டெரைல் பை ஒருமுறை நனைந்து காய்ந்திருந்தாலும் அதை ஸ்டெரைல் என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் காய்ந்த பிறகு பார்த்தால் தெரியாது. உள்பெட்டிக்கு ஒரு பாலிதீன் உறை போடுங்கள். அந்த உறை ஈடிஓ (எத்திலீன் ஆக்சைடு வாயு) ஸ்டெரிலைசேஷன் முடிந்து வாயு வெளியேறிய பிறகே போட வேண்டியது, மறந்துவிடாதீர்கள்.

ஈடிஓ என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. வாயு செலுத்தும் அந்த அறையில் வாக்குவம் இழுப்பார்கள், அதாவது காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். முன்கூட்டியே நிரப்பிய சிரிஞ்சை அதில் வைத்தால் பிளஞ்சர் நகர்ந்துவிடக்கூடும். காமா கதிர் போட்டால் சாதாரண பாலிபுரோப்பிலீன் மஞ்சளித்து நொறுங்கும். எந்த முறையில் ஸ்டெரைல் செய்யப்போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே பொருள்களைத் தேர்ந்தெடுங்கள்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. மருத்துவ சாதன விதிகள் 2017-இன்படி ஏ, பி வகைகளுக்கு மாநில அதிகாரியிடம், அதாவது தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில். சி, டி வகைகளுக்கு மத்திய அமைப்பிடம். தர மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 13485, அபாய மதிப்பீட்டுக்கு ஐஎஸ்ஓ 14971, பேக்கிங்குக்கு ஐஎஸ்ஓ 11607. இதற்கெல்லாம் ஆலோசகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பயன்பாட்டுச் சோதனைக்கான ஐஇசி 62366-1 பற்றிக் கேட்டால் மட்டும் அவர்களில் சிலர் ஒரு ரெடிமேட் ஃபைலை நீட்டுவார்கள். அந்த ஃபைலை வாங்காதீர்கள், சோதனையை நீங்களே நடத்துங்கள்.

எப்படி நடத்துவது? துறைத் தலைவரைக் கூப்பிடாதீர்கள். அவர் கையில் எந்தக் கிட்டைக் கொடுத்தாலும் வேலையை முடித்துவிடுவார். ஹவுஸ் சர்ஜன், முதல் வருட பி.ஜி., வேறு வார்டிலிருந்து அன்று மட்டும் வந்த சிஸ்டர், இடது கைக்காரர் ஒருவர். நைட் டியூட்டி முடிந்த காலையில் கூப்பிட்டால் இன்னும் நல்லது, ஆனால் டிபன் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஒரு மேனிக்வின், ஒரு கட்டில், மேலே விசிறி. கிட்டைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காதீர்கள். முடிந்த பிறகு "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு சார், ஒண்ணும் பிரச்சனை இல்லை" என்பார்கள். நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். கையை வீடியோ எடுங்கள், முகம் வேண்டாம். எங்கே கை நின்றது, எதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தது, எது தரையில் விழுந்தது. ஐந்தாறு பேரிலேயே பெரிய குறைகள் வெளிவந்துவிடும். திருத்திவிட்டு மறுபடி ஐந்தாறு பேர். இறுதிச் சோதனைக்கு ஒவ்வொரு வகைப் பயனாளரிலும் 15 பேராவது வேண்டும் என்று அமெரிக்க எஃப்டிஏ சொல்கிறது. நீங்கள் ஏற்றுமதி செய்யாவிட்டாலும் அந்த எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

விற்பனை விஷயத்தில் ஒரு கசப்பான உண்மை. டெண்டர்களில் பொருள் பட்டியல்தான் கேட்பார்கள், வரிசைக்கு மார்க் கிடையாது, குறைந்த விலைக்குத்தான் ஆர்டர். அரசுக் கொள்முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக நடக்கிறது. ஏலத்துக்கு முந்தைய கூட்டங்களில் விவரக்குறிப்பைப் பற்றிக் கேள்வி எழுப்பலாம். "இரண்டடுக்கு ட்ரே", "திறந்த கிண்ணம் கூடாது", "கேஸ் ஷீட்டில் ஒட்ட லாட் ஸ்டிக்கர்" போன்ற வரிகளை அங்கே முன்வைத்துப் பாருங்கள். விவரக்குறிப்பில் ஏறிவிட்டால் போட்டியாளரும் அதைச் செய்தாக வேண்டும், உங்கள் விலை தனியாக உயர்ந்து நிற்காது.

எதில் தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: ஃபோலி. சென்ட்ரல் லைனைவிட அபாயம் குறைந்தது, எல்லா வார்டிலும் தேவைப்படுவது, சோதனைக்கு ஆள் கிடைப்பதும் எளிது. ட்ரே மோல்டுக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவில் பொருள்களைச் சில்லறையாக வாங்கி, தெர்மோகோலில் குழி வெட்டி, ஒரு பத்து டம்மி கிட் செய்யுங்கள். அதில் முதல் ஐந்து பேரின் கை வீடியோவை எனக்கு அனுப்புங்கள், 23 பொருள் பட்டியலை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.